குடிக்காதவர்களின் ஈரல்

(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



ஈரல் புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "அது குடிக்கிற ஆம்பிளையளுக்கு வாற வருத்தமெல்லே, எங்கட கூட்டத்தில ஏன்?" என்று ஒரு சங்க உறுப்பினர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். உலகெங்கும் இந்த நோய் பெண்களைவிட ஆண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணத்தைப் பற்றித்தான் நாங்கள் பேச விரும்புகிறோம். எங்கள் ஊரில் "ஈரல் பழுது" என்றால் உடனே கள்ளும் சாராயமும் கசிப்பும்தான் நினைவுக்கு வரும். அதனால் வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தறியாத ஒரு தாய், ஸ்கான் துண்டை அலுமாரிக்குள் சேலைக்கடியில் மடித்து வைத்துவிடுகிறார். பேசாலையிலோ வங்காலையிலோ நானாட்டானிலோ அயலவர் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். நோய் அந்த அலுமாரிக்குள் இருப்பதில்லை. அது தன்பாட்டில் வளர்கிறது.

முதலில் ஒரு தெளிவு. மார்பிலோ குடலிலோ தொடங்கி ஈரலுக்குப் பரவும் புற்றுநோய் வேறு. ஈரலிலேயே தொடங்குவது வேறு. இன்று பேசுவது இரண்டாவதைப் பற்றி.

ஈரல் மிகவும் பொறுமையான உறுப்பு. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும். அந்த வல்லமையே அதற்கு வினையாகிறது. ஆண்டுக்கணக்காகக் காயப்படும் ஈரலில் கலங்கள் இறக்கின்றன, புதியவை பிறக்கின்றன. இடையிடையே தழும்பு விழுகிறது. தழும்பு முற்றி ஈரல் இறுகி முடிச்சு முடிச்சாகும் நிலையைச் சிரோசிஸ், அதாவது ஈரல் இறுக்கம் என்கிறோம். கலங்கள் திரும்பத் திரும்பப் பிரியும்போது பிரதியெடுப்பில் பிழைகள் சேர்கின்றன. அவற்றில் ஒரு கலம் கட்டுப்பாட்டை மீறுவதே புற்றுநோயின் தொடக்கம். பெரும்பாலான நோயாளரில் இறுக்கம் முந்தி வருகிறது, புற்றுநோய் பிந்தி வருகிறது. இடையில் பல ஆண்டுகள் இருக்கின்றன. இந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

காயப்படுத்துபவை எவை? உலக அளவில் முதலிடம் ஹெப்படைட்டிஸ் பி வைரசுக்கு. 1965இல் அதைக் கண்டறிந்த அமெரிக்கர் பரூக் புளும்பேர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. தாய்வான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அங்கே சிறுவர்களில் ஈரல் புற்றுநோய் குறைந்து போனது. புற்றுநோயை ஊசியால் தடுக்கலாம் என்று உலகுக்கு முதலில் காட்டியது அதுதான். இலங்கையில் இந்த ஊசி 2003இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கு முன் பிறந்த எங்களில் பெரும்பாலோருக்கு இல்லை. இலங்கையில் இந்த வைரஸ் குறைவு. என்றாலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் தோழிகள், குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை கேட்டுச் செய்து கொள்ளுங்கள்.

ஹெப்படைட்டிஸ் சி இன்னொரு காரணம்; அதற்கு இன்று சில மாதக் குளிசைகளிலேயே குணம் உண்டு. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, சோளம், மிளகாய் ஆகியவற்றில் உருவாகும் அஃப்ளாடொக்சின் மற்றொன்று. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு, வறுத்து இடித்தால் போதும் என்று எண்ண வேண்டாம், அந்த நஞ்சு சமையல் சூட்டுக்கு அவ்வளவு இலேசில் அழியாது. மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கள்ளு குளிர்ச்சி, சாராயம் சூடு என்ற கணக்கு ஈரலுக்குத் தெரியாது. மொத்தமாக எவ்வளவு மதுசாரம் உள்ளே போனது என்பதே அதன் கணக்கு.

இலங்கையின் கதை சற்று வேறு. ஈரல் புற்றுநோயுடன் எங்கள் வைத்தியசாலைகளுக்கு வருவோரில் பெரும்பாலோரிடம் பி, சி வைரஸ் இரண்டும் இல்லை. பலர் குடிப்பவர்களும் அல்லர். அவர்களிடம் இருப்பது நீரிழிவு, வயிற்றுப் பருமன், கொழுப்பு ஈரல். ராகமையில் 35 முதல் 64 வயது வரையானோரிடம் நடந்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மது காரணமில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. பயப்பட வேண்டாம், அவர்களில் மிகச் சிலருக்கே அது இறுக்கமாக மாறும். அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. உங்கள் வயது, இரண்டு ஈரல் நொதியங்களின் அளவு, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து வைத்தியர் ஒரு நிமிடத்தில் கணக்குப் போடலாம். "கொழுப்பு ஈரல் தரம் ஒன்று, எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று யாராவது உங்களை அனுப்பிவிட்டால், அந்தக் கணக்கைக் கேளுங்கள். நீரிழிவுள்ளவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைந்தால் ஈரலின் அழற்சி தணியும். எழுபது கிலோ உள்ளவருக்கு அது ஐந்து முதல் ஏழு கிலோ. எங்கள் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கோப்பையின் மற்றப் பக்கத்தில், மரக்கறிக்கும் கீரைக்கும்தான். காலையில் புட்டு, மத்தியானம் குவித்த சோறு, இரவில் இடியப்பம், இடையிடையே சீனி போட்ட தேநீர் என்றால் கணக்கு எப்படிச் சரிவரும்? சீனி இல்லாத கோப்பி குடிப்பவர்கள் மகிழலாம், அது ஈரல் புற்றுநோயைக் குறைப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன.

கீழ்க்காய்நெல்லி பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். செங்கமாரிக்கு அம்மம்மா அரைத்துக் கொடுத்தது எங்களுக்கும் நினைவிருக்கிறது. அதைப் பழித்துப் பேசப் போவதில்லை. சென்னையில் தியாகராஜனின் குழுவினர் புளும்பேர்க்குடனேயே சேர்ந்து அதை ஆராய்ந்து, 1988இல் லான்செட் சஞ்சிகையில் நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார்கள். பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அத்துடன், சாதாரண செங்கமாரி பெரும்பாலும் தானாகவே மாறும். பெயர் மட்டும் மருந்துக்குப் போகும். வயது வந்தவருக்குக் கண் மஞ்சளாகி எடையும் குறைந்தால், சாறு குடித்து ஒரு மாதம் காத்திருப்பது ஆபத்து.

ஈரல் இறுக்கம் என்று தெரிந்தவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை புற்றுநோய்க்கு ஆளாகலாம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்யச் சொல்கிறோம். நோவில்லை, களைப்பில்லை, எதற்கு பஸ் காசு என்று தவணையைத் தவற விடுகிறார்கள். நோவு வரும் கட்டத்தில் கட்டி பெரும்பாலும் பெரிதாகிவிட்டிருக்கும். வீட்டில் எல்லோருடைய கிளினிக் கொப்பியையும் ஒழுங்காக வைத்திருக்கும் பெண்தான் தன்னுடையதைக் கடைசியாக எடுக்கிறார்.

சிறிதாக இருக்கும்போது பிடித்தால் வழிகள் பல. ஈரல் ஓரளவு நலமாக இருந்தால் கட்டியை வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சூட்டால் எரிக்கலாம். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரே கட்டி, அல்லது மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை என்றால் ஈரல் மாற்றுச் சிகிச்சையை யோசிக்கலாம். கட்டியுடன் பழுதான ஈரலும் போய்விடும். ராகமையில் அது நடைபெறுகிறது. இடைநிலையில், கட்டிக்கு உணவூட்டும் நாடிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி மருந்தையும் அடைப்பானையும் விடுகிறோம். ஈரலுக்குக் குடலிலிருந்தும் இரத்தம் வருவதால் நல்ல பகுதி பிழைக்கிறது, நாடியையே நம்பியிருக்கும் கட்டி பட்டினியாகிறது. அதையும் தாண்டியவர்களுக்குக் குளிசைகளும், அண்மைக் காலத்தில் நோயெதிர்ப்புச் சிகிச்சையும் உண்டு. அவை ஆயுளை நீட்டுகின்றன. விலைதான் பெரிய தடை.

மன்னாரிலிருந்து மகரகமைக்குப் போவது ஓர் இரவுப் பயணம். வடக்கில் தெல்லிப்பழை இருப்பது பெரிய ஆறுதல். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் மக்கள் நடந்தே நிதி சேர்த்த புற்றுநோய் வைத்தியசாலை அது. சங்குப்பிட்டிப் பாலத்தால் ஒரே நாளில் போய்வரலாம்.

குணப்படுத்த முடியாத கட்டத்திலும் செய்ய நிறைய இருக்கிறது. வயிற்றில் சேரும் நீரை எடுக்கலாம். நோவுக்கு மோர்பின் உண்டு. ஈரல் பழுதானவர்களுக்கு அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். "கடைசி மருந்து" என்று பயந்து அதை மறுக்கும் குடும்பங்களால் நோயாளி வீணாகத் துடிக்கிறார். அவரிடம் நோயின் பெயரை மறைப்பதும் அப்படித்தான். பெரும்பாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். காணி உறுதி எங்கே, கடைசிப் பிள்ளையை யார் பார்ப்பது என்று பேச ஓர் ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பக்கத்தில் இருந்து கேளுங்கள், அவரே சொல்வார்.