மொழி கற்கவும் தொண்டு செய்யவும் ஒரு குடும்பப் பயணம்



கடல் கடந்து போவது நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. நம்முடைய பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் வந்து இறங்கியவர்கள். ஆனால் அந்தப் பயணத்தை அவர்கள் திட்டமிடவில்லை. எந்தத் தோட்டம், என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதையெல்லாம் கங்காணியும் துரையும் முடிவு செய்தார்கள். இன்று நாம் பேசப்போவது, ஒரு குடும்பம் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டு, தன் விருப்பப்படி போய்வரக்கூடிய ஒரு பயணத்தைப் பற்றி. ஒரு மொழியைக் கற்று, கற்ற இடத்தில் சில நாட்கள் தொண்டூழியமும் செய்துவிட்டுத் திரும்பும் பயணம் அது. மொழி, ஸ்பானிய மொழி. நாடு, மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா.

"சாலாக் செலாத்தானில் இருந்துகொண்டு நமக்கு எதற்கு ஸ்பானிய மொழி?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உலகில் 20 நாடுகளில் ஸ்பானியம் ஆட்சிமொழி. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 45 கோடிக்கும் அதிகம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு நான்காவதாக இந்த மொழியும் கைவந்தால், வேலை தேடும் நாளில் அது வீண்போகாது. இது ஒரு காரணம்.

குவாத்தமாலாவைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம்மைப் போன்ற தோட்டத்து மக்கள் வாழும் நாடு. 1877ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில்தான் ரப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதே 1877இல் குவாத்தமாலா அரசு ஒரு சட்டம் போட்டது. மலையில் வாழ்ந்த மாயா இன மக்களைக் காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு இழுக்கவும், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போடவும் அது வழிசெய்தது. இங்கே ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அங்கே கட்டாய வேலை முற்றாக ஒழிய 1944ஆம் ஆண்டுப் புரட்சி வரவேண்டியிருந்தது. இன்று அந்நாட்டில் காப்பி மட்டுமன்றி ரப்பரும் செம்பனையும் விளைகின்றன. உலகச் சந்தைக்கு ஏலக்காய் அனுப்பும் நாடுகளில் முதலிடம் அதற்குத்தான். அந்த ஏலக்காயோ இந்தியாவிலிருந்து போனது. பால் வெட்டிய கையோடு ஒரு பாட்டி அங்கே போய் இறங்கினால், மரத்தைப் பார்த்தவுடன் அவருக்கு அடையாளம் தெரியும்.

மொழிச் சூழலும் நமக்குப் பழக்கமானதே. மாயா மக்கள் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசுகிறார்கள். வீட்டில் கிச்சே, பள்ளியில் ஸ்பானியம் என்று அங்கே பல பிள்ளைகள் வளர்கிறார்கள். வீட்டில் தமிழும் வெளியில் மலாயும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மென்சூ கிச்சே இனத்துப் பெண்மணி. தம் மக்களின் துன்பத்தை உலகுக்குச் சொல்ல அவர் ஸ்பானிய மொழியைத்தான் கருவியாகக் கொண்டார்.

தாய்மார்களே, புதிய மொழி என்றவுடன் அஞ்ச வேண்டாம். ஸ்பானியத்தில் பல சொற்கள் நமக்கு ஏற்கெனவே உறவுக்காரர்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள் தமிழிலும் மலாயிலும் நிறைய இருக்கின்றன. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் அக்காள் தங்கை போன்ற மொழிகள். ஆகவே நம் மேசை அங்கே மேசா. அலமாரி அங்கே அர்மாரியோ. காலில் போடும் சப்பாத்து அங்கே சப்பாத்தோ. மலாயில் பெண்டேரா என்னும் கொடி அங்கே பந்தேரா. கெமேஜா என்னும் சட்டை அங்கே கமீசா.

இலக்கணத்திலும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. "பேசுகிறேன்" என்று சொன்னாலே "நான்" என்பது அதில் அடங்கிவிடுகிறது அல்லவா? ஸ்பானியத்திலும் அப்படியே. ஆப்லோ என்றால் பேசுகிறேன். ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். ஆப்லாமோஸ் என்றால் பேசுகிறோம். "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதை "மே குஸ்தா எல் கஃபே" என்பார்கள். அந்த "மே" நம்முடைய "எனக்கு" போலவே வேலை செய்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. பெரியவர்களை உஸ்தெத் என்று மரியாதையாக அழைக்க வேண்டும். கரி வேறு, கறி வேறு என்று நாம் அறிவோம். அங்கேயும் பெரோ என்றால் "ஆனால்". ரகரத்தை உருட்டிப் பெர்ரோ என்றால் நாய்.

இனித் திட்டத்துக்கு வருவோம். சாலாக் செலாத்தானில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை லாரி ஓட்டுகிறார். தாய் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூத்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கிறது. இளைய பிள்ளை தமிழ்ப்பள்ளியில். இந்தக் குடும்பம் அடுத்த ஆண்டே புறப்பட முடியாது. புறப்படவும் கூடாது. மூத்த பிள்ளை எஸ்.பி.எம். எழுதி முடிக்க ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஐந்து ஆண்டுகளைத் தவணையாக வைத்துக்கொள்ளலாம். மாதம் 400 வெள்ளி ஒதுக்கினால், ஐந்து ஆண்டில் 24,000 வெள்ளி சேரும். 200 வெள்ளிதான் முடியும் என்றால் 12,000 சேரும். அப்போது போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். செலவில் பெரும்பங்கு விமானக் கட்டணமே. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

சிறுகச் சேர்ப்பது நமக்குத் தெரியாத கலையன்று. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டப் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பயணத்துக்காக வட்டிக்கு வாங்காதீர்கள். சேமநிதியில் கை வைக்காதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள். பணம் சேரவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது பத்திரங்கள். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ் ஒவ்வொருவருக்கும் வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகலைக் கையில் வைத்திருங்கள். நேரடி விமானம் கிடையாது. இரண்டு, மூன்று இடங்களில் மாற வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டு விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் மலேசியருக்கு அந்நாட்டு விசா தேவை. சீட்டு மலிவாக இருக்கிறதென்று வாங்கிவிட்டுப் பிறகு நான்கு பேருக்கும் விசாக் கட்டணம் கட்டினால், மலிவு காணாமற் போய்விடும். ஐரோப்பா வழியாகப் போகும் சீட்டையும் விசாரித்துப் பாருங்கள். குவாத்தமாலாவின் நுழைவு விதிகளைச் சீட்டு வாங்கும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். பயண விவரத்தை வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவிடம் பதிந்துவிட்டுப் போங்கள். அங்கே எரிமலைகளும் நில அதிர்வும் உண்டு. 2018 ஜூன் மாதத்தில் ஃபுவேகோ எரிமலை வெடித்துப் பலர் மாண்டார்கள். இரவில் ஊர்விட்டு ஊர் பயணம் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு.

மருத்துவரிடம் காட்டி, மஞ்சட்காமாலைக்கும் டைபாய்டுக்கும் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கொதித்து ஆறிய நீரையே குடியுங்கள். கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். பலர் படிக்கப் போகும் ஆந்திகுவா நகரம் நம் கேமரன் மலையின் உயரத்தில் இருக்கிறது. கெட்சால்தெனாங்கோ இன்னும் மேலே, 2,300 மீட்டர் உயரத்தில். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு; தேர்வு முடிந்த ஆண்டு இறுதிக் காலம் அதற்குப் பொருந்தும்.

பாடம் எப்படி நடக்கிறது? ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். தங்குவது உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேயே. காலையில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை மாலையில் அடுப்படியில் பேசிப் பழகலாம். சோள ரொட்டியும் கறுப்பு அவரையும் அன்றாட உணவு. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் "நோ கோமோ கார்னே தே ரேஸ்" என்ற வாக்கியத்தை முதல் பாடமாகக் கற்றுக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் "புவேன் ப்ரோவேச்சோ" என்று சொல்வது அங்கே மரியாதை. "பசியாறியாச்சா?" என்று கேட்டுப் பழகிய நமக்கு அது எளிதில் வந்துவிடும்.

தோட்டத்து மக்களுக்கு இந்த மொழிப் பள்ளிகளால் என்ன பயன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கெட்சால்தெனாங்கோவில் 1988இல் ஆசிரியர்கள் கூட்டாக ஒரு மொழிப்பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர், காப்பி விளையும் கொலோம்பா வட்டாரத்தில் அதன் கிளைப் பள்ளி ஒன்றை அமைத்தார்கள். அதன் அருகில் குடியிருந்தவர்கள், கொடுபடாத கூலியைக் கேட்டுப் போராடியதால் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்கள். மாணவர்கள் பள்ளியில் தங்கி, இந்தக் குடும்பங்களின் வீடுகளில் முறைவைத்துச் சாப்பிட ஏற்பாடாயிற்று. சாப்பாட்டுப் பணம் அந்தப் பெண்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய அனுபவம் நம்மவர் பலருக்கும் உண்டு. அந்த மேசையில் உட்கார்ந்தால், நாம் பேசுவதற்கு விஷயம் தேட வேண்டியதில்லை.

இப்போது தொண்டூழியம். இதில்தான் நல்ல மனம் படைத்தவர்களும் தவறுகிறார்கள். கம்போடியாவில் அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததை யூனிசெஃப் எடுத்துக்காட்டியது. வெளிநாட்டார் வந்து கொஞ்சி, பணமும் கொடுப்பதால், வறிய வீட்டுப் பிள்ளைகளே அநாதைகளாகக் காட்டப்பட்டார்கள். குவாத்தமாலாவிலும் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பது பணம் பண்ணும் தொழிலாகிப்போய், 2007ஆம் ஆண்டு முடிவோடு வெளிநாட்டுத் தத்து நிறுத்தப்பட்டது. பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் 2000ஆம் ஆண்டில் தோதோஸ் சாந்தோஸ் என்னும் மலையூரில் ஜப்பானியப் பயணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆகவே அநாதை இல்லங்களுக்குப் போகாதீர்கள். பெற்றோரைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் தூக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

எந்தத் தொண்டையும் ஏற்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வேலையைக் கேட்டது அந்த ஊர் மக்களா? நாம் செய்வதால் உள்ளூரில் ஒருவருடைய கூலி போகிறதா? நாம் திரும்பிய பிறகு இதைத் தொடர்ந்து செய்ய ஆள் இருக்கிறதா? நாற்றுப் பண்ணையில் பை நிரப்புவது, மரக்கன்று நடுவது, பள்ளிக்கூடத்தைக் கூட்டுப்பணியில் துப்புரவு செய்வது போன்றவை, உள்ளூரார் தலைமை தாங்க நாம் கையாளாக நிற்கும் வேலைகள். நாற்று மேடையில் நின்று பழகிய தோட்டத்துக் கைக்கு அங்கே மதிப்பு உண்டு. மொழி தெரியாமல் முதல் நாளே தொண்டு செய்யப் புறப்படாதீர்கள். நான்கு வாரம் இருக்குமானால், முதல் மூன்று வாரம் படிப்பு. கடைசி வாரம் வேலை. தங்கும் வீட்டுக்கு உரிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுப்பதும் உதவிதான்.

நேயர்களே, ஐந்து ஆண்டு நீண்ட காலமாகத் தோன்றலாம். அதைப் பயன்படுத்தும் வழி எளிது. இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் குடும்பமாக உட்காருங்கள். நாளுக்கு ஐந்து சொல். வாரத்தில் ஒரு நாள், வீட்டில் கண்ணில் படும் பொருளையெல்லாம் ஸ்பானியத்தில் சொல்லிப் பாருங்கள். பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மலாயைக் காதால் கேட்டே கற்றவர் அவர். மாதம் ஒரு முறை உங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ குடும்பத்தோடு போய் ஒரு வேலையை ஏற்றுச் செய்யுங்கள். அங்கே பிள்ளைகள் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறார்களா என்று கவனியுங்கள். செய்தால், அடுத்த நாட்டுக்குப் போகும் பக்குவம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பயணம் கைகூடாமலே போனாலும் பிள்ளைக்கு ஒரு மொழி மிஞ்சும். குடும்பத்துக்கு ஒரு சேமிப்பு மிஞ்சும். கைகூடினால், கூலி பேசி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்னொரு தோட்டத்து மக்களின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், அவர்கள் மொழியிலேயே நலம் விசாரிப்பார்கள். இந்த வாரமே ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் கணக்கையும் இரண்டாம் பக்கத்தில் ஐந்து சொற்களையும் எழுதித் தொடங்குங்கள்.