மலையேறிய மருத்துவர் சோமர்வெல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மருத்துவரின் வரலாறு ஆகும். அவர் போர்க்களத்தில் இரண சிகிச்சை செய்தவர். உலகின் மிக உயர்ந்த மலையின்மீது இருமுறை ஏறச் சென்றவர். அவ்விரண்டினாலும் பெற்ற உரத்தை நம் நாட்டின் தென்கோடியிலுள்ள நெய்யூரில் ஏழை நோயாளர் பொருட்டுச் செலவிட்டவர். தியோடர் ஹாவர்ட் சோமர்வெல் என்பது அவர் பெயர். அவர் பிறந்தது இங்கிலாந்து. உழைத்ததோ பெரும்பாலும் நம் தென்னாடு. பலர் ஒருங்கே துன்புறும் காலத்தில் முதற்கண் காக்கத்தக்க உயிர் எவருடையது என்னும் வினா அவர் வாழ்நாளில் மீண்டும் மீண்டும் எழுந்தது. அவ்வினாவுக்கு அவர் கண்ட விடை யாது என்பதை அறிவதே இவ்வுரையின் நோக்கம்.

சோமர்வெல் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பத்தார் பெயர்பெற்ற காலணித் தொழிற்சாலை ஒன்றை நடத்திய செல்வர். தந்தையார் தொழிலை ஏற்று, நிழலில் அமர்ந்து கணக்குப் பார்த்திருப்பினும் அவர் வாழ்வு குறைவின்றிக் கழிந்திருக்கும். ஆயினும் அவ்வூரை அடுத்துக் கிடந்தது ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த நிலப்பரப்பு. இளமையிலேயே அக்குன்றுகள் அவரை ஈர்த்தன. பாறையிற் கைப்பிடி தேடி ஏறுதலும், மழையிலும் காற்றிலும் நெடுந்தொலைவு நடத்தலும், கண்ட காட்சியை வண்ணத்தில் தீட்டுதலும் அவருக்கு விளையாட்டாயின.

வெயில் பட்டால் கறுக்கும், மழை பட்டால் சளி பிடிக்கும் என்று பிள்ளைகளை அறைக்குள் அடைத்து வளர்க்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அன்னார் இவ்விளைஞரின் பிற்கால வாழ்வை ஊன்றி நோக்குதல் நன்று. ஏனெனில், அவர் குன்றுகளிற் பயின்ற மூச்சும் தசையும் மனத்துணிவுமே பின்னர்ப் பிறர் உயிரைக் காக்கும் கருவிகளாயின.

ரக்பி பள்ளியிற் பயின்று, கேம்பிரிட்ஜில் இயற்கை நூற்கல்வியில் முதல் வகுப்பிற் தேறி, இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்று முடித்தபொழுது முதல் உலகப் போர் மூண்டிருந்தது. 1915-ஆம் ஆண்டு அவர் இராணுவ மருத்துவப் படையிற் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார்.

1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சோம் ஆற்றுப் போர் தொடங்கிற்று. அவ்வொரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையிற் காயமுற்றோரும் காணாமற்போனோரும் மடிந்தோருமாக 57,470 பேர் வீழ்ந்தனர். அவருள் உயிர் நீத்தோர் 19,240 பேர். வெக்மோன் என்னுமிடத்தில், காயம்பட்டோரை முதலில் ஏற்றுச் சிகிச்சை செய்து பின்னிடத்துக்கு அனுப்பும் கூடாரங்களில் சோமர்வெல் பணியாற்றினார். ஆயிரம் பேர் வருவர் என்று எதிர்பார்த்த அவ்விடத்துக்குப் பல்லாயிரவர் வந்தனர். வண்டிகள் நெடுவரிசையில் நின்றன. கூடாரத்துள் இடமின்றி வெளியே புல்வெளியெங்கும் வீரர்கள் கிடத்தப்பட்டனர்.

மருத்துவர்களோ மிகச் சிலர். ஆதலின் அவர்கள் அவ்வரிசைகளினூடே நடந்து, எவனை மேசைக்கு எடுத்துச் செல்வது, எவனை விட்டுவிடுவது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கத்தி பிடிப்பதினும் கொடிய கடமை அது. ஆங்கே சோமர்வெல் கண்ட ஒன்று அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. குற்றுயிராய்க் கிடந்த அவ்வீரருள் ஒருவனேனும், ‘எனக்கு முதலிற் செய்யுங்கள்’ என்று கேட்கவில்லை. இரண்டாண்டு கழித்துப் போர் முடிந்தபொழுது, போரை அடியோடு வெறுக்கும் மனத்தினராய் அவர் நாடு திரும்பினார்.

நிற்க. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையின் உச்சியை நாடிச் சென்ற ஆங்கிலக் குழுவில் அவர் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். மே 21-ஆம் நாள், மாலரி, நார்ட்டன் என்னும் இருவரோடு, பிராணவாயுக் கருவியின் துணையின்றி 26,985 அடி உயரத்தை எட்டினார். அதுகாறும் மாந்தர் எவரும் அத்துணை உயரம் ஏறியதில்லை.

ஆயினும் அப்பயணம் துயரத்தில் முடிந்தது. ஜூன் 7-ஆம் நாள், புதுப்பனி பொழிந்திருந்த சரிவிலே, மூன்று ஆங்கிலேயரும் பதினான்கு சுமையாளருமாகப் பதினெழுவர் கயிறுகளாற் பிணைப்புண்டு ஏறிக்கொண்டிருந்தனர். திடீரெனப் பனிச்சரிவு பெயர்ந்தது. கீழே வந்துகொண்டிருந்த சுமையாளர் ஒன்பதின்மரைப் பனிப்பாறையின் விளிம்புக்கப்பால் அது தள்ளிற்று. இருவர் உயிருடன் தோண்டி எடுக்கப்பட்டனர், எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் மூவருக்கும் ஊறு ஒன்றும் இல்லை.

பிழைத்தோம் என்று மகிழ்தல் மாந்தர் இயல்பு. சோமர்வெல்லுக்கோ தாம் பிழைத்ததே நெஞ்சில் முள்ளாயிற்று. பிறர் விருப்பத்துக்காக மூட்டை சுமந்து வந்தவர் மாண்டனர். விரும்பி வந்தவர் பிழைத்தனர். தம் நாட்டவருள் ஒருவரேனும் அவர்களோடு மடிந்திருக்கலாகாதா என்று அவர் பின்னாளில் எழுதினார். 1924-இல் பிரான்சின் சாமோனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவில் அக்குழுவினருக்கு மலையேற்றப் பதக்கம் அளிக்கப்பட்டபொழுது, மாண்ட எழுவர் பெயரும் அப்பட்டியலில் இடம்பெற்றன. பதக்கம் உயிரை மீட்டுத் தராது. எனினும் அவ்வெழுவரும் ஏறியவர்களே என்பதை உலகம் அதன் வாயிலாக ஒப்புக்கொண்டது.

மலையினின்று இறங்கிய சோமர்வெல் நேரே தம் ஊர் திரும்பவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் விருப்பினராய்த் தெற்கு நோக்கிப் பயணம் செய்து, அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்த நெய்யூரை அடைந்தார். 1956 முதல் அவ்வூர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி அவ்வூரில் நடைபெற்று வந்தது. அங்கே இரண சிகிச்சையில் வல்ல மருத்துவர் ஒருவரே தனித்து நின்று உழைப்பதையும், வாயிலில் நோயாளர் கூட்டம் காத்துக் கிடப்பதையும் அவர் கண்டார்.

சோம் ஆற்றங்கரையிற் கண்ட வரிசை நெய்யூரிலும் அவர் கண்முன் நின்றது. போர்க்களத்து வரிசை சில நாளில் தீர்ந்தது; இவ்வரிசையோ நாள்தோறும் புதிதாய் நீண்டது. இலண்டனில் தாம் பயின்ற மருத்துவமனையிலேயே உயர்ந்த பதவி அவருக்குக் காத்திருந்தது. அதனை வேண்டாவென்று விடுத்து, 1923-ஆம் ஆண்டு நெய்யூர் மருத்துவராய் வந்தமர்ந்தார்.

மறு ஆண்டே எவரெஸ்ட் மீண்டும் அழைத்தது. அம்முறை ‘வடகணவாய்’ என்னும் உயரத்தில், கொடும்பனியில் நான்கு சுமையாளர் தனித்து அகப்பட்டனர். 1924 மே 24-ஆம் நாள் மாலரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் அவர்களை மீட்கச் சென்றனர். எந்நொடியிலும் பெயரத்தக்க சரிவில், கயிற்றை இடையிற் கட்டிக்கொண்டு முன்சென்றவர் சோமர்வெல். கயிறு முழுதும் நீண்டது. எனினும் அவர்களை எட்டச் சில கெசங்கள் குறைந்தன. முதல் இருவர் மெல்ல வந்து சேர்ந்தனர். பின்னிருவர் சறுக்கி, பாதாளத்தின் விளிம்பருகே தடைப்பட்டு நின்றனர். சோமர்வெல் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றினார்; தம் இடையிலிருந்த கயிற்றை அவிழ்த்து அதிற் சுற்றினார்; ஒரு கையால் அதன் நுனியைப் பற்றிக்கொண்டு, மறு கையை நீட்டி அவர்களைப் பிடித்திழுத்தார். நால்வரும் பிழைத்தனர்.

அன்பர்களே! ஈராண்டுக்கு முன் அதே மலைப்புறத்தில் எழுவரை இழந்தவர் செய்த செயல் இது. தம் உயிரைக் காக்கும் கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் ஜூன் 4-ஆம் நாள் நார்ட்டனோடு உச்சியை நோக்கி ஏறினார். ஏறக்குறைய 28,000 அடியில் தொண்டைப் புண்ணும் இருமலும் அவரைத் தடுத்தன. நண்பரைத் தனியே செல்லுமாறு ஏவினார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். பிராணவாயுக் கருவியின்றி அவ்வுயரத்தைக் கடக்க 1978 வரை உலகம் காத்திருந்தது. இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டை முற்றும் அடைபட்டது. முன்சென்ற நார்ட்டனோ, இவர் ஓவியம் வரையப் பின்தங்கினார் போலும் என்று எண்ணினார்! மூச்சும் இன்றி, குரலும் இன்றி, இறப்பை எதிர்நோக்கிப் பனியில் அமர்ந்த சோமர்வெல், இறுதியாக இரு கைகளாலும் மார்பை வலிந்து அழுத்தினார். குளிரால் வெந்து கழன்ற தொண்டையின் உட்சவ்வு இரத்தத்தோடு வெளிப்பட்டது, மூச்சு மீண்டது. நான்கு நாள் கழித்து உச்சி நோக்கிச் சென்ற மாலரியும் இர்வைனும் திரும்பவேயில்லை.

இனி, நெய்யூர்ப் பணியைக் கூறுவேன். அப்பகுதி மக்களை வாட்டிய நோய்களுள் குடற்புண் ஒன்று. உண்டது தங்காது, வலியால் துவண்டு வந்தோர் எண்ணிறந்தோர்க்கு அவர் இரண சிகிச்சை செய்தார். அதிற்பெற்ற பட்டறிவைக்கொண்டு, இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் இரண சிகிச்சை பற்றி 1948-இல் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நம் இளைஞர்க்கு அக்கலையைக் கற்பித்து, 1961-இல் ஓய்வு பெற்றார்.

இத்துணைப் பணிக்கிடையிலும் மலையையும் வண்ணத்தையும் இசையையும் அவர் கைவிட்டாரல்லர். பொருள்களைச் சுற்றும் பழுப்புத் தாளிலேயே பனிமலைகளைத் தீட்டினார். திபெத்தியர் பாடல்களைக் கேட்டு இசைக்குறியீட்டில் எழுதினார். நாள் முழுதும் பிணியையே காணும் கண்ணுக்கு இயற்கையின் எழில் மருந்தாயிற்று போலும். தாய்நாடு திரும்பியபின் 1962 முதல் 1965 வரை ஆங்கில மலையேறுவோர் கழகத்தின் தலைவராய் இருந்து, 1975 ஜனவரி 23-ஆம் நாள் தாம் இளமையில் ஏறிய குன்றுகளுக்கு நடுவிலேயே காலமானார். கேரளத்துக் காரக்கோணத்தில் அமைந்த மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

முதற்கண் காக்கத்தக்க உயிர் எவருடையது என்னும் வினாவுக்கு இனி வருவோம். சோமர்வெல் அதற்குச் சொல்லால் விடை தரவில்லை. வரிசையில் எவன் இடர் மிகுதியோ அவனிடம் சென்றார், அவ்வளவே. அவன் எந்நாட்டான், எம்மொழியான், கூலிக்கு வந்தவனா கூட்டாளியா என்று அவர் கை கேட்கவில்லை. மேசைமேற் கிடப்பவன் குலம் கத்திக்குத் தெரியாது.

நாம் ஒரு குலத்தார் கூடி அமைத்த சங்கம் இது. நம் பிள்ளைகள் கற்க உதவுகின்றோம்; நம்மவர் நோயுற்றால் தாங்குகின்றோம். இது தக்கதே. கயிறு நம் இடையிற் கட்டுண்டிருத்தல் நமக்குக் காவல். ஆனால் கயிற்றின் எல்லைக்கப்பால் ஒருவன் சறுக்கி நிற்கும்பொழுது, ‘என் கயிறு இவ்வளவே’ என்று கூறித் திரும்புவதா, அவிழ்த்துக் கைநீட்டுவதா என்பதை நாம் ஒவ்வொருவரும் முன்னரே எண்ணித் துணிதல் வேண்டும். இடர் வந்தபின் எண்ணப் பொழுதிராது.

இளைஞர்களே! வெளியிற் சென்று நடங்கள், குன்று ஏறுங்கள், உடலை உரமாக்குங்கள். அவ்வுரம் ஒருநாள் எவருக்கோ வேண்டப்படும். அவர் நம்மவராய் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.