நரம்பும் நடையும்

நான் பள்ளியிற் படித்த நாளில் என் பெரியப்பா காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் மீன் கூடை சுமந்து வந்தார். ஒருநாள் மாலை கல்மண்டபத்திலிருந்து நடந்து வீடு திரும்பியவரின் ஒரு காலில் செருப்பைக் காணோம். “எங்கே விட்டீர்கள்?” என்று கேட்ட பிறகே அவர் குனிந்து பார்த்தார். கழன்றது அவருக்குத் தெரியவேயில்லை. சிறுவர்கள் நாங்கள் சிரித்தோம். அது சிரிக்கத்தக்க செய்தியன்று என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். நீரிழிவு அவருடைய பாதத்து உணர்ச்சியைக் கவர்ந்து கொண்டிருந்தது.

மாணவ நண்பர்களே, முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அதற்கு வேண்டிய பொருள்கள் மேலேயுள்ள உயிரணுவிலிருந்து அத்தனை தூரம் வரவேண்டும். வழியிலே நுண்ணிய இரத்தக் குழாய்களும் ஊட்ட வேண்டும். மிகுந்த சர்க்கரை இரண்டையும் கெடுக்கிறது. திருவொற்றியூரில் குழாய்த் தண்ணீர் குறைந்தால் முதலில் வறள்வது கடைசித் தெருவல்லவா? அவ்வாறே விரல் நுனிகள் முதலில் மரக்கின்றன.

இதற்கு நடை என்ன செய்யும்? உழைக்கும் தசை, இன்சுலின் குறைவாயிருப்பினும் இரத்தத்துச் சர்க்கரையை ஈர்த்துக் கொள்கிறது. இரத்த ஓட்டமும் பெருகுகிறது. 2006இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில், நரம்புக் கேடு தோன்றாத 78 நீரிழிவு நோயாளிகள் நான்காண்டுகள் கவனிக்கப்பட்டனர். வாரம் நான்கு மணி நேரம் விரைந்து நடந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 6 பேருக்கே உணர்ச்சி நரம்பு கெட்டது. நடவாதவர்களில் 30 பேருக்கு. 2012இல் அமெரிக்காவில், நரம்பு கெட்ட 17 பேர் பத்து வாரம் பயிற்சி செய்தபின் வலி தணிந்ததோடு, தோலிலுள்ள நரம்பிழைகள் புதிதாய்க் கிளைத்திருக்கவும் கண்டனர். சிறிய ஆய்வுகள்தாம்; ஆயினும் நம்பிக்கை தருவன.

நம் இராயபுரத்துக்கும் இதில் பங்குண்டு. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனை நிறுவினார். அங்கு டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டில் 100க்கு 55 பேர் நோயுற்றனர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரில் 39 பேரே.

ஆனால் மரத்த காலுக்கு முள் குத்தியதும் தெரியாது, சுடுமணலும் தெரியாது. ஆறாத புண்ணுள்ளவர் அக்காலை ஊன்றி நடத்தலாகாது. மற்றவர்களோ ஏற்ற காலணியுடன், நாள்தோறும் பாதத்தைப் பார்த்து, நடக்கலாம். முன்பெல்லாம் மரத்த காலோடு நடக்கவே வேண்டாம் என்று தடுத்து வந்தார்கள். மிகுந்த அச்சம் அது.

பெரியப்பா பின்னர் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பணிந்து அதிகாலையில் கடற்கரைச் சாலையில் நடந்து வந்தார். திரும்பியதும் பெரியம்மா அவர் உள்ளங்காலை விளக்கருகே வைத்துப் பார்ப்பார். ஒருநாள் செருப்பின் அடியில் ஆணி ஒன்று, கால்வரை எட்டாமல், பாதியில் நின்றிருந்தது. அதைப் பிடுங்கித் தீப்பெட்டியொன்றில் போட்டு வைத்திருந்தார், வருவோர்க்கெல்லாம் காட்டுவார்.