பழைய கோப்பும் புதிய படியும்

சித்தூரில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வரும் தமிழன்பர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு குறுந்தகட்டைக் கொணர்ந்தார். காலஞ்சென்ற அவருடைய தந்தையார் 1998-ஆம் ஆண்டில் கணிப்பொறியில் தட்டெழுதி வைத்த குடும்ப வரலாறு அதில் இருந்தது. கோப்பைத் திறந்தோம். தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கொக்கிகளுமே திரையை நிறைத்தன. “அப்பா எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதா, ஐயா?” என்று அவர் கலங்கி வினவினார்.

அழியவில்லை. கணிப்பொறி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. எழுத்துக்குரிய எண்ணையே சேமிக்கிறது. அந்நாளில் தமிழ் எழுத்துரு அமைத்தோர் தத்தம் விருப்பப்படி எண்களை வகுத்துக்கொண்டனர். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு இக்குழப்பத்தை நீக்க முயன்றது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. பழைய முறைகளில் எழுதிய கோப்புகளோ, அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஊமையாகிவிடுகின்றன.

உரிய எழுத்துருவைத் தேடிப் பெற்று நிறுவினோம். பக்கங்கள் தமிழாயின. உடனே அவற்றைப் படக் கோப்புகளாக மாற்றினோம். ஜே.பி.ஈ.ஜி. என்னும் முறை ஒளிப்படத்துக்கு ஏற்றது. அது அளவைச் சுருக்கும்பொருட்டு நுண்கூறுகளைக் கழித்துவிடுவதால் எழுத்தின் ஓரம் மங்கக்கூடும். பி.என்.ஜி. முறை எதனையும் கழிப்பதில்லை. ஆதலின் அதனையே கொண்டோம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் அச்சிட்டுப் படிக்கவும் போதும்.

பணி முடிந்தது என்றே எண்ணினோம். ஆனால் அன்பரின் மகள் திருப்பதியில் கல்லூரியில் பயில்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள். படிக்க அறிந்தது தெலுங்கு எழுத்தே. பாட்டனாரின் வரலாறு அவளுக்கு வெறும் படமாகவே நின்றது.

அவள் நாள்தோறும் காணும் திருமலையே நமக்கு வழி காட்டிற்று. அக்கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதி. பல்லவர் குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி அளித்த செய்தியும் அவற்றுள் ஒன்று. கல்வெட்டு ஆய்வாளர் கல்லின்மேல் ஈரத்தாளைப் பதித்து, தூரிகையால் அடித்து, மை ஒற்றிப் படியெடுப்பர். கல்லில் உள்ள சிதைவு உட்பட யாவும் அதில் விழும். அது படம். ஆயினும் அத்துடன் நின்றிருந்தால் சிலரே படித்திருப்பர். 1930-களில் தேவஸ்தானத்தின் கல்வெட்டுத் தொகுதிகள் அச்சேறிய பின்னரே அச்செய்திகள் பலருக்கும் எட்டின.

நாமும் அவ்வாறே செய்தோம். பழைய கோப்பை மாற்றுநிரல் ஒன்றினால் யூனிகோடுக்குக் கொணர்ந்தோம். சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறின. ஊர்ப்பெயர் ஒன்று உருத்திரிந்தது. படத்தை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினோம். மொழிபெயர்ப்பாளர் மூலத்தைப் பிரியாதிருப்பது போன்றதே இதுவும். பின்னர் அதனைத் தெலுங்கு எழுத்தில் பெயர்த்தோம். தமிழில் ‘க’ ஒன்றே ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிக்கு நிற்பதால் அங்கும் கைத்திருத்தம் வேண்டியிருந்தது. அப்பெண் தன் பாட்டனாரின் சொற்களை உரக்கப் படிக்க, அவள் தந்தையார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! உங்கள் இல்லத்திலும் சங்கத்திலும் இத்தகைய கோப்புகள் இருக்கலாம். மூலக்கோப்பை அழிக்காதீர்கள், அதன் எழுத்துருவையும் உடன் வையுங்கள். படமாக ஒரு படியும், யூனிகோடில் ஒரு படியும் எடுத்து, இரண்டு இடங்களில் காத்திடுங்கள். படம் சாட்சியாக நிற்கும், எழுத்து பேசும். ஐயமான பெயர்களைச் சொல்லித் தரும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் நன்று.