மேசையின் மறுபக்கம்

பிள்ளைகளுக்காகத் தயாரிக்கப்படும் தொலைக்காட்சிப் படங்களில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இடம்பெற வேண்டும் என்கிறோம். இடம்பெற்றால் மட்டும் போதுமா? அமெரிக்க நாட்டுப் படம் ஒன்றைக் கொண்டு இதை இன்று சிந்திப்போம்.

அந்நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் திருநாள். உற்றாரும் நண்பரும் ஒரே மேசையில் கூடி உண்பது வழக்கம். 1973ஆம் ஆண்டு, அத்திருநாளையொட்டி, சார்லி பிரவுன் என்ற சிறுவனையும் அவன் தோழர்களையும் பற்றிய சித்திரப்படம் ஒளிபரப்பாயிற்று. பிங்பாங் மேசையே அங்கே விருந்து மேசை. ஸ்னூப்பி என்ற நாய் வாட்டிய ரொட்டியும் சோளப்பொரியும் பரிமாறுகிறது. கூட்டத்தில் பிராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவனும் இருக்கிறான். ஆனால் மேசையின் ஒரு பக்கத்தில் அவன் மட்டும் தனியே, மடக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் வேறு பிள்ளை இல்லை.

இந்தப் பிராங்க்ளின் எப்படிப் பிறந்தான் தெரியுமா? 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினொரு நாள் கழித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆசிரியப் பணியாற்றியிருந்த ஹேரியட் கிளிக்மன் என்ற அம்மையார், ஓவியர் சார்ல்ஸ் ஷுல்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பினப் பிள்ளைகளையும் உங்கள் படக்கதையில் சேர்க்கலாகாதா என்று கேட்டார். அப்படிச் செய்தால் அவர்கள்பால் இரக்கம் காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று ஓவியர் தயங்கினார். அம்மையார் விடவில்லை. கறுப்பினப் பெற்றோரிடம் கருத்துக் கேட்டு எழுதச் செய்தார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள், கடற்கரையில் சார்லி பிரவுனின் பந்தை எடுத்து வந்து கொடுப்பவனாகப் பிராங்க்ளின் தோன்றினான். இருவரும் சேர்ந்து மணற்கோட்டை கட்டினார்கள்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதாக வரையாதீர்கள் என்று தென்மாநிலப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எழுதினார். ஷுல்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. அத்தகையவரின் கதையில் வந்த பிள்ளைதான், ஐந்தாண்டு கழித்து விருந்தில் தனித்து அமர்ந்தான்.

யாரும் வேண்டுமென்றே அவனை ஒதுக்கினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சித்திரப்படத்தில் ஒரு நாற்காலிகூடத் தானாக வந்து நிற்பதில்லை. யாரோ ஒருவர் அதை அங்கே வரைய வேண்டும். வரைந்தவர் கவனிக்காததைப் பார்க்கும் பிள்ளை கவனித்துவிடும். "நம்மையும் அழைத்தார்கள், ஆனால் அருகில் உட்கார வைக்கவில்லை" என்று அதன் மனம் பாடம் படித்துக்கொள்ளும். பாடநூலைவிட இத்தகைய பாடமே நெடுநாள் நிற்கும்.

இக்குறை பிற்காலத்தில் பலராலும் எடுத்துக் காட்டப்பட்டது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த 'வெல்கம் ஹோம், பிராங்க்ளின்' என்ற படம் அவனையே கதைத்தலைவன் ஆக்கியது. அதை எழுதியோரில் ஒருவர் ராப் ஆம்ஸ்டிராங் என்ற கறுப்பினப் படக்கதை ஓவியர். பிராங்க்ளினுக்கு 'ஆம்ஸ்டிராங்' என்ற குடும்பப் பெயர் அவருடைய பெயரிலிருந்தே வந்தது. அப்படத்திலும் பிராங்க்ளின் ஒரு மேசையில் தனியே அமர்கிறான். ஆனால் இம்முறை தோழர்கள் அவனைத் தங்கள் பக்கம் வந்து உட்காரும்படி அழைக்கிறார்கள். அவனும் எழுந்து போய் அமர்கிறான். ஒரு நாற்காலியை நகர்த்த ஐம்பது ஆண்டுகள் ஆயின.

பெற்றோர்களே, பிள்ளைகளோடு அமர்ந்து படம் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் யார் யார் வருகிறார்கள்? யார் பேசுகிறார்கள்? யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? விடையைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

ஆசிரியர்களாகிய நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். பள்ளி நாடகத்தில் யாருக்கு அரச வேடம் கொடுக்கிறோம்? யாரை ஆண்டுதோறும் திரை இழுக்க நிறுத்துகிறோம்? வகுப்பில் இடம் வகுப்பவர்கள் நாம்தான். கடிதம் எழுதிய அந்த அம்மையாரும் நம்மைப் போல் ஓர் ஆசிரியரே.