இரண்டு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அங்கே

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் "அமெரிக்காவில் உயர்கல்வி" என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை அரை மணி நேரத்தில் பேசி முடிக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பல வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த அந்த ஒரு மூலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜில் லிபரல் ஆர்ட்ஸ் படித்து 'அசோசியேட்' பட்டம் வாங்கி, மூன்றாம் வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் மாறிப் போகிற வழி அது. லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் ஓவியம், சங்கீதம் என்று நினைத்துவிட வேண்டாம். மொழி, வரலாறு, தத்துவம், சமூக இயல், கணக்கு, அறிவியல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு வைப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

இதை ஏன் பேசுகிறேன் என்றால், 2009ல் நம் செட் நண்பர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். அமெரிக்காவில் அது பெரிய வேலைப் பஞ்சம் வந்த நேரம். அவருக்கும் வேலை போயிருந்தது. மூத்த பெண் பள்ளி முடிக்கிறாள். "டேய், பொண்ண கம்யூனிட்டி காலேஜ்ல சேக்கலாம்னு இருக்கேன். நம்ம ஆளுங்க யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றார். ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி குரல். அங்கே நம்மவர்களிடம் அந்தப் படிப்புக்கு அப்படி ஒரு பெயர். நல்ல மார்க் வாங்காத பிள்ளை போகிற இடம் என்று.

நம் தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சென்னை ராஜதானியில் இரண்டாம் தரக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. மாணவர் தரத்தைச் சொல்வதில்லை அது. அங்கே இன்டர்மீடியட் வரை இரண்டு வருஷம்தான் நடத்துவார்கள். பி.ஏ. வேண்டுமானால் முதல் தரக் கல்லூரி உள்ள ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். எத்தனையோ வக்கீல்களும் கலெக்டர்களும் அப்படி இரண்டு இடத்தில் படித்து வந்தவர்கள். 1950களின் நடுவில் இன்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது, 1978ல் பிளஸ் டூ வந்தது, நாம் இதையெல்லாம் மறந்துவிட்டோம். அந்த இரண்டு வருஷப் படிப்பில் எல்லாப் பாடமும் தேற வேண்டும் என்ற கெடுபிடிக்கு ராமானுஜனே பலியானார். கும்பகோணத்திலும் பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. படித்துத் தேறாமல் போனார். கணக்கு வராமல் இல்லை, மற்றவை வராமல்! இந்த விஷயம் கொஞ்சம் பொறுத்து மறுபடி வரும்.

அமெரிக்காவில் இது தொடங்கியது 1901ல், இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில். சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து, ஊரிலேயே இருந்து பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருஷத்தைப் படிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். முதலில் சேர்ந்தவர்கள் ஆறே பேர். கலிபோர்னியாவில் 1960ல் மாஸ்டர் பிளான் என்று ஒரு திட்டம் வந்தது. பள்ளி முடிப்பவர்களில் மேல்தட்டு எட்டில் ஒரு பங்குக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மூன்றில் ஒரு பங்கு வரை மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற யாராக இருந்தாலும் கதவு திறந்திருக்கிற இடம் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மேலே ஏறிப் போக ஒரு படிக்கட்டு என்று வகுத்தார்கள். இன்று அந்த மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன.

காசு விஷயத்துக்கு வருகிறேன். மாநிலவாசிகளுக்கு அங்கே ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பட்டத்துக்கு 60 யூனிட். பெருக்கிப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 2,760 டாலர். முதல்முறை முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்குப் பல கல்லூரிகள் அதையும் தள்ளுபடி செய்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலோ ஒரு வருஷத்துக்குக் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 15 ஆயிரம் டாலர். தங்குவதும் சாப்பிடுவதும் தனி, அது கட்டணத்தை விட அதிகம். கடைசியில் கையில் வாங்குகிற இளங்கலைச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தினுடையது. முதல் இரண்டு வருஷம் எங்கே படித்தாய் என்று அதில் அச்சடிப்பதில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் எல்லோரும் ஏறிப் போய்விடுகிறார்களா? இல்லை. கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இளங்கலைப் பட்டம் வாங்க ஆசைப்படுகிறார்கள். ஆறு வருஷத்துக்குள் வாங்குகிறவர்கள் சுமார் பதினாறு பேர்தான். இது நாடு முழுவதற்குமான கணக்கு. குடும்பக் கஷ்டம், வேலை, கல்யாணம் என்று பல காரணங்கள் உண்டு. நான் கண்ணால் பார்த்த காரணம் ஒன்று, திட்டமில்லாமல் படிப்பது.

ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தமிழ்ப் பையன்தான். நாலாவது வருஷம் என் அறைக்கு வந்து நின்றான். கையில் லிபரல் ஆர்ட்ஸ் அசோசியேட் பட்டம், கணக்கில் 84 யூனிட். "அங்கிள், எகனாமிக்ஸ் மேஜர் பண்ணப் போறேன்" என்றான். நாம் மெயின் என்கிறோமே, அதுதான் அங்கே மேஜர். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். நாடகம் இருக்கிறது, மானிடவியல் இருக்கிறது, சினிமா வரலாறு இருக்கிறது, எல்லாவற்றிலும் நல்ல கிரேடு. கணக்கில் புள்ளியியல் மட்டும். கால்குலஸ் இல்லை. அவன் போக நினைத்த பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்துக்கு இரண்டு பருவம் கால்குலஸ் இல்லாமல் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கால்குலஸுக்கு முன்னால் பிரிகால்குலஸ். ஆக மூன்று பருவம், ஒன்றரை வருஷம். கணக்கு பயம் என்று அதைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தான். தள்ளி வைக்காதே என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. "பட்டம் வாங்கினா போதும்னு சொன்னாங்க அங்கிள்" என்றான். பட்டம் உண்மையில் முழுப் பட்டம்தான். ஆனால் அவன் போக வேண்டிய கதவுக்கு அது சாவி இல்லை. ஒன்றரை வருஷம் கடையில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே அந்தக் கணக்கைப் படித்து முடித்து மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். படிப்பையும் முடித்தான். அந்த ஒன்றரை வருஷத்துக்கு அவன் அப்பா கட்டிய கார் இன்ஷூரன்ஸும் பெட்ரோலும் எந்தக் கணக்கிலும் வராது.

ராமானுஜன் விஷயம் என்றேனே, அது இங்கேதான். அவருக்குப் பொதுப் பாடம் தடுத்தது. இந்தப் பையனுக்குப் பொதுப் பாடம் எல்லாம் இருந்தது, மெயினுக்கான அடிப்படைப் பாடம் இல்லை. இரண்டும் வேண்டும். அறுபது யூனிட் என்பது ஒரே மூட்டை இல்லை. கலிபோர்னியாவில் 2025 இலையுதிர் காலத்திலிருந்து கால்-கெட்ஸி என்று பொதுப் பாடத் தொகுப்பு வந்திருக்கிறது. மொத்தம் 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை, தர்க்கம், மேடைப் பேச்சு, கணக்கு, கலையும் மானிடமும், சமூக இயல், ஆய்வுக்கூடத்தோடு அறிவியல், இனக்குழு ஆய்வு எல்லாம் அதில் அடங்கும். எதிலும் சி கிரேடுக்குக் கீழே போகக் கூடாது. மீதி 26 யூனிட் இருக்கிறது பாருங்கள், அதில்தான் குடும்பத்தின் தலையெழுத்து. அதை மேஜருக்கு வேண்டிய பாடங்களால் நிரப்ப வேண்டும். பொருளாதாரமென்றால் கால்குலஸும் நுண்ணியல், பேரியல் இரண்டும். வணிகமென்றால் இரண்டு கணக்குப்பதிவியல். உளவியலென்றால் புள்ளியியலும், பல இடங்களில் உயிரியலும். பொறியியலோ கணினி அறிவியலோ வேண்டுமென்றால் லிபரல் ஆர்ட்ஸ் பட்டத்தை மறந்துவிட்டு முதல் பருவத்திலேயே கணக்கு ஏணியில் காலை வைக்க வேண்டும். அந்த ஏணியில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஒரு படிக்கு ஒரு பருவம். அதனால்தான் நான் பிள்ளைகளிடம் எப்போதும் பின்னாலிருந்து எண்ணச் சொல்வேன். மாறிப் போகிற மாதத்தை எழுது, அதற்கு முந்தைய பருவம் எது, அதற்குள் எந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் எது என்று.

எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று பார்க்க 'அசிஸ்ட்' என்ற அரசுப் பட்டியல் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம். அக்கம்பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், கோயிலில் பார்த்த மாமா சொன்னார் என்பதை விட அதை நம்புங்கள். கவுன்சிலரையும் பாருங்கள். நம்மூர் வார்டு கவுன்சிலர் இல்லை, அங்கே மாணவருக்கு வழி சொல்கிறவர். நல்ல கவுன்சிலர்கள் நிறைய உண்டு. ஆனால் ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான மாணவர்கள். கையில் உங்கள் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனால் அரை மணியில் திருத்தித் தருவார். வெறுங்கையோடு போனால் அரை மணி போய்விடும்.

இன்னொன்று, இரண்டு வருஷம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் கையிலிருப்பது ஒரு வருஷம்தான். 2027 இலையுதிர் காலத்தில் மாறிப் போக வேண்டுமென்றால் 2026 அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். அப்போது காட்டுவதற்குக் கையில் இருப்பது பெரும்பாலும் முதல் வருஷத்து கிரேடுதான். "முதல் வருஷம் நிதானமா பழகிக்கட்டும்" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் முன்கூட்டியே இட உத்தரவாதம் எழுதித் தருகின்றன. அதற்கு மனுப்போடுவது செப்டம்பர் மாதம், ஒரே ஒரு வளாகத்துக்கு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ மூன்றும் உத்தரவாதம் தருவதில்லை. அங்கே போட்டிதான். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வேறு ஏற்பாடு. 2010ல் வந்த சட்டப்படி 'மாறிச் செல்வதற்கான அசோசியேட் பட்டம்' வாங்கினால் எங்காவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, மேலும் 60 யூனிட்டில் பட்டம் முடியும். எங்காவது என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்குப் பக்கத்து வளாகம் என்று சட்டம் சொல்லவில்லை.

மற்ற மாநிலங்களில் விதி வேறு. புளோரிடாவில் பாட எண்களே மாநிலம் முழுதும் ஒன்று. 36 பொது, 24 விருப்பம் என்று அசோசியேட் பட்டம் வாங்கினால் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் உண்டு, நெருக்கடியான சில பிரிவுகள் தவிர. மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கும் தனியார் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும்தான் யூனிட் அதிகம் தொலையும். படிப்பை ஒரு மாநிலத்தில் தொடங்கினால் அதே மாநிலத்தில் முடிக்கப் பாருங்கள் என்பது என் கட்சி.

ஹெச்-4 விசாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 21 வயது நிரம்பினால் அந்த விசா போய்விடும். எஃப்-1க்கு மாற வேண்டிவரும், கட்டண வகுப்பும் மாறக்கூடும். பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிற நேரமும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். இரண்டாம் வருஷத் தொடக்கத்திலேயே நல்ல வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே இருக்கும் தம்பி தங்கைகள் கேட்பீர்கள், நாங்கள் இங்கிருந்தே கம்யூனிட்டி காலேஜுக்குப் போகலாமா என்று. போகலாம், விசா தருகிறார்கள். ஆனால் உங்களுக்கு 46 டாலர் கிடையாது. வெளிநாட்டு மாணவருக்கு யூனிட்டுக்குப் பல நூறு டாலர். பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் இருப்பவர் அதை விட்டுவிட்டு அங்கே முதலிலிருந்து தொடங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே முடித்துவிட்டு முதுகலைக்கு வாருங்கள். பிளஸ் டூ முடித்த தம்பி, அத்தை வீடோ சித்தி வீடோ அங்கே இருக்கிறது, சாப்பாட்டுச் செலவு இல்லை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

நண்பரின் பெண்ணை விட்டுவிட்டேனே. அந்த வருஷங்களில் மாநில அரசு பணத்தை வெட்டியதில் வகுப்புகள் குறைந்து, என் கால்குலஸ் வகுப்பு வாசலில்கூட இடம் கேட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். அவள் காலை ஏழு மணி வகுப்பு, ராத்திரி வகுப்பு என்று கிடைத்ததைப் பிடித்து, 2011ல் டேவிஸ் போய், 2013ல் பட்டம் வாங்கினாள். பட்டமளிப்புப் படத்தை நண்பர் நம் செட்டில் எல்லோருக்கும் அனுப்பினார். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். பேரன் பேத்திகளின் மதிப்பெண் பட்டியல் போனில் இருந்தால் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். விசாவைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.