மேட்டுக்காட்டின் கதைகள்

தறியோசையோடு விடிகின்ற இளம்பிள்ளையிலிருந்து திருச்செங்கோட்டுத் திசையிலே செல்வோர் காண்கின்ற மேட்டுக்காடும், வானத்தை நம்பியே விதைக்கப்படுகின்ற சோளமும் கடலையும், காவல் நிற்பனபோன்ற பனைகளும், தமிழ் நாவலில் வெறும் பின்னணியாக அன்றி, மாந்தரின் விதியை நிர்ணயிக்கும் சக்தியாகவே இடம்பெற்றிருக்கின்றன என்பது நம் பிரதேசத்துக்குப் பெருமை தரும் விஷயம்.

1942-இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலில், நிலத்தில் தன் பங்கைக் கேட்கும் ஒரு விதவையின் பிடிவாதம் கொலையிலே முடிகிறது.

திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யிலோ (2000), பண்ணையத்துக்கு விடப்பட்ட சிறுவர்களுக்கு ஆடு மேய்க்கும் வெளியே பள்ளியும் விளையாட்டுத் திடலும் ஆகிறது, மனிதர் தர மறுத்த கருணையைப் பனையிடமும் கிணற்றிடமும் ஆட்டிடமும் அவர்கள் பெறுவதை வாசிக்குந்தோறும் என் நெஞ்சம் கனக்கிறது. 2016-இல் வந்த அவரது ‘பூனாச்சி’யில், ஒரே ஈற்றில் ஏழு குட்டிகளை ஈன்று ஒரு கிழத் தம்பதியரை அதிசயிக்கச் செய்த வெள்ளாடு, மழை பொய்த்தபின் அவர்களோடு சேர்ந்து பசியில் வாடுகிறது, பஞ்சம் மனிதரென்றும் பிராணியென்றும் பேதம் பார்ப்பதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1878-இல் எக்டன் என்னும் தரிசு மேட்டையே ஒரு பாத்திரம்போலப் படைத்ததை இலக்கிய உலகம் வியந்து பேசுகிறது. அந்த வியப்புக்குச் சற்றும் குறையாத பாத்தியதை, பேருந்தில் சிறிது நேரத்திலேயே சென்றடையக்கூடிய நம் மானாவாரிக் காடுகளுக்கும் உண்டென்றே நான் கருதுகிறேன்.